பிக்கப் ஹீட்டர் சூடு தரவில்லையா?

மார்கழி பிறந்தால் மலைநாட்டில் குளிர் ஏறத் தொடங்கிவிடும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாய்ப் படிந்து கிடப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். மரக்கறி ஏற்றிய பிக்கப்கள் சந்தைக்குப் புறப்படுவது அந்த நேரத்தில்தான். அவசரம் என்றால் நடுச்சாமத்தில் பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவதும் அதே பிக்கப்தான்.

"ஹீட்டர் எல்லாம் நமக்கு எதுக்குங்க, கம்பளியைப் போத்திக்கிட்டா போதும்" என்று சில சாரதிமார் சொல்வதுண்டு. ஹீட்டர் குளிர் காய்வதற்கு மட்டும் உள்ளதல்ல. உள்ளே இருப்பவர்களின் மூச்சில் உள்ள ஈரம் குளிர்ந்த முன் கண்ணாடியில் பட்டதும் புகார் போலப் படிந்துவிடும். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துணி என்று துடைத்துக்கொண்டே வளைவில் இறங்குவது எவ்வளவு ஆபத்து! அந்தக் கண்ணாடியைத் தெளிய வைப்பது ஹீட்டரின் சூடான காற்றுத்தான்.

2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. ஆகவே இருபது, முப்பது வருடப் பழைய பிக்கப்களை வைத்தே பல குடும்பங்கள் பிழைத்து வருகின்றன. அவற்றின் ஹீட்டர் ஏன் சோர்ந்து போகிறது, செலவில்லாமல் எதை நாமே பார்க்கலாம் என்பதை இங்கே விளக்குகிறோம்.

ஹீட்டர் வேலை செய்யும் விதம்

ஹீட்டருக்கென்று தனி நெருப்போ கரண்ட் அடுப்போ கிடையாது. எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூடாகும் தண்ணீரில் ஒரு பங்கு, இரண்டு ரப்பர் குழாய்கள் வழியாக டாஷ்போட்டின் உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரெடியேட்டருக்குப் போய்த் திரும்பும். அதன் ஊடாக விசிறி காற்றை ஊதும். தண்ணீர் சூடாக வேண்டும், அது ஓட வேண்டும், காற்றும் ஓட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஹீட்டர் சோர்ந்துவிடும்.

முதலில் தண்ணீர் மட்டம்

எஞ்சின் நன்றாக ஆறியபின் ரெடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். மட்டம் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது ஹீட்டர்தான். சூடு முள் மேலே ஏறி நிற்க, ஹீட்டர் மட்டும் குளிர்காற்று ஊதினால் தண்ணீர் தீர்ந்து வருகிறது என்று அர்த்தம். உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.

சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே கூடாது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரெடியேட்டருக்குள் அது கொதிக்காமல் இருப்பது மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான். திறந்த அந்தக் கணமே கொதித்து முகத்தில் சீறும். தவறிச் சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். பற்பசை, கோப்பித்தூள் எதுவும் பூச வேண்டாம்.

தேர்மோஸ்டட் இருக்கிறதா?

நம்ம நாட்டுப் பழைய வாகனங்களில் ஹீட்டர் சோர்வதற்கு அடிக்கடி காணும் காரணம் இதுதான். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரெடியேட்டருக்குப் போகவிடாமல் மறிக்கும் சின்னக் கதவுதான் தேர்மோஸ்டட். அது திறக்கும் சூடு 82 அல்லது 88 என்று பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். வண்டி கொதிக்கிறது என்று கராஜுக்குப் போனால், "இது இந்த நாட்டுக்குத் தேவையில்ல" என்று அதைக் கழற்றி வீசிவிடுகிறார்கள்.

கதவு இல்லாத வீட்டில் அடுப்பு மூட்டி என்ன பயன்? எஞ்சின் தன் சூட்டுக்கு வராது. டீசல் கூடக் குடிக்கும். எஞ்சினும் சீக்கிரம் தேயும். சில எஞ்சின்களில் தேர்மோஸ்டட் இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரெடியேட்டருக்குப் போகாமலே குறுக்குவழியில் சுற்றுவதால் கொதிப்பு இன்னும் கூடுகிறது. கொதிப்புக்கு வைத்தியம் அடைபட்ட ரெடியேட்டரையும், தளர்ந்த பெல்ட்டையும், பழுதான மூடியையும் பார்ப்பதுதான்.

இதைக் கண்டுபிடிப்பது லேசு. காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ரெடியேட்டருக்குப் போகும் மேல் குழாயை இடையிடையே தொட்டுப் பாருங்கள். சில நிமிடம் குளிர்ந்தே இருந்து பிறகு சட்டென்று சூடேறினால் தேர்மோஸ்டட் நல்லது. தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் அது இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. மலை இறங்கும்போது சூடு முள் கீழே விழுவதும் இதற்கு அடையாளம். தொடும்போது கழுத்துத் துண்டு, தொங்கும் சட்டைக் கை விசிறியில் மாட்டாமல் பாத்துக்குங்க.

இரண்டு குழாய்களும் சொல்லும் சேதி

எஞ்சின் சூடேறியதும் உள்ளே உள்ள ஹீட்டர் பிடியைச் சூட்டுப் பக்கம் முழுதாகத் தள்ளுங்கள். பொனட்டைத் திறந்து, உள்ளே போகும் இரண்டு சின்னக் குழாய்களையும் கவனமாகத் தொடுங்கள்.

இரண்டும் சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது; கோளாறு காற்றுப் பக்கம். விசிறி சுற்றுகிறதா, பியூஸ் போயிருக்கிறதா, பிடியின் கேபிள் கழன்றிருக்கிறதா, காற்று வரும் வழியில் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். விசிறி கடைசி வேகத்தில் மட்டும் சுற்றினால் அதன் ரெசிஸ்டர் எரிந்திருக்கும்.

ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் உள் ரெடியேட்டர் துருவால் அடைபட்டிருக்கலாம். எஞ்சின் ஆறியபின் இரண்டு குழாய்களையும் கழற்றி, தண்ணீர் திரும்பி வரும் பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். சர்வீஸ் ஸ்டேஷன் வேகத்தில் அடித்தால் அது வெடித்துவிடும்.

இரண்டும் குளிர் என்றால் தண்ணீர் வால்வு திறக்கவில்லை, அல்லது காற்று அடைத்திருக்கிறது, அல்லது யாரோ இரண்டு குழாயையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரைத் துண்டித்துவிட்டார்கள். காற்றை எடுக்க நமது மலைப்பாதையே உதவும். திறந்த வெளியில், வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, ஹீட்டர் பிடியைச் சூட்டில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி வரவர மட்டம் இறங்கும், நிரப்பிக்கொண்டே வாருங்கள். குமிழி நின்றதும் மூடிவிடலாம். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அது பாஸிடம் காட்ட வேண்டிய வேலை.

அலட்சியம் கூடாதவை

கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாகப் படிவதும், இனிப்பு மணமும், காலடி விரிப்பில் ஈரமும் கண்டால் உள் ரெடியேட்டர் ஒழுகுகிறது. கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. அதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பீலிக்கு மேலேயோ லயத்துக் கானிலோ கொட்டாதீர்கள்.

எல்லாவற்றிலும் பெரியது புகை. சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தால் காபன் மொனொக்சைட் வாயு உள்ளே வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், வாந்தி வருவது போலிருந்தால் கண்ணாடியை இறக்கி, வண்டியை நிறுத்தி வெளியே வாருங்கள். சந்தை வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கும் பழக்கத்தைச் சாரதிமார் இன்றோடு விட வேண்டும். அந்தத் தூக்கத்திலிருந்து எழும்பாமலே போகலாம்.

ஹீட்டர் சரியாகும்வரை என்ன செய்வது? வெளிக்காற்று வரும்படி பிடியை வையுங்கள். உள்காற்றே சுற்றினால் ஈரம் கூடும். இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஒரு விரல் இறக்கி விடுங்கள். நனைந்த சாக்கையும் கொங்காணியையும் பின்னால் போடுங்கள். முன் கண்ணாடியின் உட்புறத்தை முதல் நாளே எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து வையுங்கள். அப்படியும் பாதை தெரியவில்லை என்றால் பத்து நிமிடம் ஓரங்கட்டி நில்லுங்கள். பத்து நிமிடம் பிந்தினால் மரக்கறி அழுகிவிடாது.