வால் நீங்கிய தவளைக் குஞ்சுகளுக்கு இரை



வடகீழ்ப் பருவக்காற்று மழை பொழிந்து, பெரும்போக வயல்களில் நீர் தேங்கியதும் தவளைகள் முட்டையிடுகின்றன. இறக்கக்கண்டியிலும் அயற் கிராமங்களிலும் பிள்ளைகள் வாற்பேய்களைப் பிடித்துப் போத்தலில் வளர்க்க விரும்பக்கூடும். நன்கு வளர்ந்த வாற்பேய்கள், கால் முளைத்தபின் மடிந்துபோவதுண்டு. நீரில் மூழ்குதலும் ஏற்ற இரை கிடையாமையும் இதற்குரிய முக்கிய காரணங்களாம்.

உடலின் மாற்றம்

வாற்பேய் பாசியையும் அழுகிய இலைகளையும் அரித்துத் தின்னும். அதன் குடல் நீண்டு சுருண்டிருக்கும். முதலிற் பின்கால்களும் அடுத்து முன்கால்களும் வெளிப்படும். அப்போது வாய் அகன்று, குடல் குறுகுகின்றது. அச்சில நாட்களில் அது இரை எடாது. சுருங்கும் வாலே அதற்கு ஊட்டமளிக்கும். ஆகையால் சோறோ பாண் துண்டோ இடவேண்டாம். அவை நீரைப் பழுதாக்குமேயன்றிப் பயன் தரா.

இருப்பிடம்

முன்கால்கள் தோன்றியதும் குஞ்சு நுரையீரலாற் சுவாசிக்கத் தொடங்கும். எனவே தொட்டியைச் சரித்து வைத்து, ஒரு பக்கத்தில் ஆழமற்ற நீரும், மறு பக்கத்தில் ஈரமண்ணும் இலைச்சருகும் இருக்கச் செய்க. நுளம்பு வலையால் மூடி நிழலில் வைக்கவும். நல்ல கிணற்று நீரையே பயன்படுத்துக. களப்பு நீர் உவர்த்தன்மை உடையதாதலால் ஒருபோதும் ஆகாது.

இரை

வால் முற்றாக மறையும் தறுவாயில் இரை தேடத் தொடங்கும். அசையும் உயிரையே அது இரையென அறியும். செத்த பூச்சியைப் பெரும்பாலும் தீண்டாது. இரை அதன் இரு கண்களுக்கிடையிலுள்ள அகலத்தை விடப் பெரிதாயிருத்தல் கூடாது. சிறு கறையான், அழுக்கணவன், நுளம்பு ஆகியவை ஏற்றவை. கனிந்த வாழைப்பழத் தோலைத் திறந்த போத்தலில் இட்டுவைத்தால் பழ ஈக்கள் வந்து சேரும், அவற்றையும் இடலாம். நாள்தோறும் மாலையில் உண்ணுமளவு மட்டும் கொடுக்கவும். மருந்து தெளித்த கத்தரி, மிளகாய்ச் செடிகளிலிருந்து பூச்சி எடுக்கலாகாது. பெரிய குஞ்சு சிறியதை விழுங்குமாதலால் ஒத்த பருமனுள்ளவற்றையே சேர்த்து வைக்கவும்.

வயலுக்கு விடுதல்

குஞ்சுகள் தாமாக இரை பிடிக்கத் தொடங்கிச் சில நாட்களானதும், வாற்பேய்களைப் பிடித்த இடத்திலேயே, மாலை வேளையில் வரம்போரப் புல்லில் விட்டுவிடுக. வேற்றிடத்தில் விட்டால் நோய் பரவ இடமுண்டு. தவளையின் தோல் நீரை உறிஞ்சுவதால், நீரிற் கலந்த நஞ்சும் அதன் உடலிற் சேரும். ஆதலால் தேவையின்றி மருந்து தெளிக்கலாகாது. தெளிகருவியை வாய்க்காலிற் கழுவுதலும் கூடாது.

இந்தியாவிலே தவளைக்கால் ஏற்றுமதிக்காகப் பெருந்தொகைத் தவளைகள் பிடிக்கப்பட்டன. பூச்சியுண்ணும் தவளைகள் அருகுவது பயிருக்குக் கேடாகும் என்ற கவலை எழுந்து, 1987 ஆம் ஆண்டில் அவ்வேற்றுமதி தடைசெய்யப்பட்டது. தவளை நன்மைதரும் பூச்சிகளையும் உண்ணுமாதலால், அது மட்டுமே பயிர்ப் பாதுகாப்புக்குப் போதாது. ஆயினும் தத்தியையும் வெட்டுக்கிளியையும் கூலியின்றிப் பிடிக்கும் உதவியாளனை இழத்தல் கமக்காரருக்கு நட்டமே. பிள்ளைகள் பேணும் குஞ்சுகள் உயிரோடு வயல் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.