எச்.டி.ஆர். படம்: அருவிக்குச் சரி, மிளகு சாம்பிளுக்குச் சரியா?

முன்பெல்லாம் மலைச் சரக்கு வாங்குவதென்றால் சாம்பிள் பொட்டலம் கைக்கு வந்து, கொட்டிப் பார்த்து, கடித்துப் பார்த்துத்தான் விலை பேசுவோம். இப்போது சேலம் லீ பஜாரில் உட்கார்ந்துகொண்டே ஏற்காட்டு மிளகையும் காப்பிக்கொட்டையையும் வாட்ஸ்அப் படத்தில் பார்த்து முதல் பேச்சைத் தொடங்கிவிடுகிறோம். அந்தப் படத்தை எடுக்கும் செல்போனுக்குள் எச்.டி.ஆர். என்றொரு ஏற்பாடு பெரும்பாலும் நம்மைக் கேட்காமலே வேலை செய்கிறது. ஹை டைனமிக் ரேஞ்ச் என்பதன் சுருக்கம் அது. எங்கே அது உதவும், எங்கே கையைக் கடிக்கும் என்பதை வணிகர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

இதைப் புரிந்துகொள்ளக் கிளியூர் அருவியைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. ஏற்காடு ஏரி நிறைந்து வழியும் நீர், சேர்வராயன் மலையின் பள்ளத்தில் சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் தண்ணீர் நன்றாக இருக்கும். கோடையில் போனவர்கள் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்புவதும் உண்டு. படியிறங்கிக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், மேலே வெயில் அடிக்கும் வானம், நடுவே வெள்ளை நீர், இரு பக்கமும் மர நிழலில் ஈரமான கரும்பாறை. நம் கண்ணுக்கு எல்லாமே தெரிகிறது. படம் எடுத்தால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். பாறை தெரிந்தால் வானமும் நீரும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். வானம் சரியாக விழுந்தால் பாறை கரிப்பானை.

காரணம் எளிது. மூட்டை நிறுக்கும் எடைமேடையில் 10 கிராம் ஏலக்காயை வைத்தால் முள் அசையாது. ஏலக்காய்த் தராசில் மூட்டையை ஏற்றினால் தராசே போய்விடும். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சில்லும் அப்படித்தான்; அதற்குக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் உண்டு. படம் எடுப்பவர்கள் வெளிச்சத்தை 'ஸ்டாப்' என்ற படியால் கணக்கிடுவார்கள். ஒரு படி ஏறினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, 10 படி ஏறினால் 1024 மடங்கு. வெயில் பட்ட வானத்துக்கும் நிழல் பொந்துக்கும் உள்ள வித்தியாசம் அதையும் தாண்டிப் போகும்.

அப்படியானால் இரண்டு தராசிலும் நிறுத்துக் கணக்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். எச்.டி.ஆர். செய்வது அதையே. கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, லென்ஸ் திறப்பையும் ஐ.எஸ்.ஓ. எண்ணையும் மாற்றாமல், ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி மூன்று படம் எடுப்பார்கள். உதாரணமாக விநாடியில் 500-ல் ஒரு பங்கு, 125-ல் ஒரு பங்கு, 30-ல் ஒரு பங்கு. முதல் படத்தில் வானம் நன்றாக இருக்கும், கடைசிப் படத்தில் பாறை நன்றாக இருக்கும். கம்ப்யூட்டர் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, ஒவ்வோர் இடத்துக்கும் எது நம்பகமான அளவோ அதற்கு முக்கியத்துவம் கொடுத்துச் சேர்க்கும். ஃபோட்டோமேட்டிக்ஸ், லைட்ரூம் போன்ற புரோகிராம்கள் இதைச் செய்கின்றன.

இதோடு வேலை முடியவில்லை. சேர்த்த படத்தில் உள்ள வெளிச்ச வித்தியாசம் முழுவதையும் செல்போன் திரையோ அச்சுக் காகிதமோ காட்ட முடியாது. கிட்டங்கிச் சரக்கை எல்லாம் கடை முன் அலமாரியில் அடுக்க முடியாதல்லவா, அதுபோல. ஆகவே இருட்டைத் தூக்கிவிட்டு, வெளிச்சத்தை அமுக்கி, திரைக்குள் அடங்குமாறு மாற்றுவார்கள். இதற்கு 'டோன் மேப்பிங்' என்று பெயர். இங்கேதான் கைவரிசை நடக்கிறது. அளவோடு செய்தால் கண்ணால் பார்த்ததுபோல் இருக்கும். அளவு மீறினால் பச்சை கண்ணைக் குத்தும், பாறையின் ஓரத்தில் வெள்ளை வளையம் விழும். ஏற்காடு படம் என்று தபால் அட்டைபோல் சுற்றிவரும் பலவற்றில் இந்த வளையத்தைப் பார்க்கலாம்.

அருவியில் இன்னொரு தொல்லை, நீர் நிற்பதில்லை. மூன்று படத்திலும் மூன்று விதமாக விழுந்திருக்கும், சேர்த்தால் பேய்போல் இரட்டை உருவம் வரும். நீரை மட்டும் ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொள்வதே இதற்கு வழி. வானம் மூடிய நாளில் போனால் இந்தப் பாடே இல்லை. ஒரு படமே போதும்.

இது புதிய யோசனையும் அல்ல. 1850-களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று சேர்த்து அச்சிட்டார். கம்ப்யூட்டர் கணக்காக இதைத் தெளிவாக வகுத்துத் தந்தவர்கள் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் டெபவெக்கும், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ஜிதேந்திர மாலிக்கும், அது 1997-ல். ஐபோனில் 2010-ல் வந்தது. இன்றைய செல்போன்கள் நாம் ஒருமுறை தொட்டால் உள்ளுக்குள் பல படங்களை எடுத்துச் சேர்த்துவிடுகின்றன.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். கடையின் உட்புறத்தைத் தெருவைப் பார்த்தபடி படம் எடுக்க எச்.டி.ஆர். மிக நல்லது. வாசலில் வெயிலும் உள்ளே இருட்டுமாக இருப்பது கிளியூர் அருவியின் நிலைதான். ரேக்கும் தெரியும், பெயர்ப்பலகையும் தெரியும்.

சாம்பிளுக்கு அது ஆகாது என்பது எங்கள் கருத்து. மிளகின் மேல்தோல் சுருக்கத்துக்குள் நிழல் இருக்கிறது. அந்த நிழலை மெஷின் தூக்கிவிட்டால் நல்ல கறுப்பு மிளகு சாம்பல் பூத்ததுபோல் தெரியும். பூஞ்சணம் பிடித்த சரக்கோ என்று வாங்குபவர் தயங்குவார். காப்பியில் இன்னும் சிக்கல். கழுவிப் பதப்படுத்திய கொட்டை நீலம் கலந்த பச்சையாகவும், பழத்தோடு உலர்த்திய செர்ரி மஞ்சள் கலந்த பழுப்பாகவும் இருக்க வேண்டும். அங்கே நிறம்தான் விலை. எங்களுக்கு ஒரு மலைப் பார்ட்டி ஒரே களத்து மிளகை இரண்டு படமாக அனுப்பினார். ஒன்று ஜன்னல் ஓரத்தில், ஒன்று குடோனுக்குள். பார்த்தவர் எவரும் இரண்டு லாட் என்றே சொல்வார்கள். கிலோவுக்கு எவ்வளவு குறைப்பது என்று நம் ஆட்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். பொட்டலம் வந்த பிறகுதான் பேச்சு அடங்கியது.

ஆகவே சாம்பிளை வெயில் நேரடியாகப் படாத வாசல் நிழலில், வெள்ளைத் தாளின் மேல் பரப்பி எடுக்கச் சொல்ல வேண்டும். ஃபிளாஷ் கூடாது, அழகூட்டும் ஃபில்டர் கூடாது. எச்.டி.ஆரை நிறுத்த வசதியிருந்தால் நிறுத்த வேண்டும். சில புதிய போன்களில் அந்த வசதி இல்லை. அப்போது வெளிச்சம் எங்கும் ஒரே சீராக இருக்கும் இடத்தில் எடுத்தால் மெஷினுக்கு வேலை குறையும். இரண்டு லாட்டை ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஒரே தாளில் வைத்து ஒரே படமாக எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், 'டாகுமெண்ட்' என்று அனுப்பினால் அப்படியே வரும். இவ்வளவும் செய்தாலும் லிட்டர் எடையும் ஈரமும் பொக்கும் படத்தில் தெரியாது. பொட்டலத்துக்குச் சொல்லி வைப்பதை விட்டுவிட வேண்டாம்.

மழையில் குடோன் சரக்கு நனைந்து இன்ஷூரன்சுக்குப் படம் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இருட்டு மூலையைக் காட்ட எச்.டி.ஆர். உதவும். ஆனால் கம்ப்யூட்டரில் சேர்த்த படத்தை மட்டும் கொடுத்தால் திருத்தியது என்ற பேச்சு வரலாம். கேமராவில் எடுத்த மூன்று மூலப் படங்களையும், தேதியும் நேரமும் பதிந்தபடி, அழிக்காமல் தனியே வைத்திருங்கள்.