ஜாம்பிக்கு வேகம் வந்த கதை

1996-இல் கேப்காம் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’ விளையாட்டில் முதல் ஜாம்பியின் முதுகைத்தான் முதலில் பார்க்கிறோம். மாளிகையின் சாப்பாட்டு அறையைத் தாண்டியதும் ஒரு குறுகலான நடை. அங்கே குனிந்து யாரையோ தின்றுகொண்டிருக்கிறது. பிறகு தலையை மெல்லத் திருப்பி நம்மைப் பார்க்கிறது.

அது எழுந்து வரும் வேகத்துக்கு யாரும் எளிதாக ஓடித் தப்பிவிடலாம். ஆனாலும் கை நடுங்கும். இயக்குநர் ஷிஞ்சி மிகாமியின் குழு பயத்தை ஜாம்பியின் காலில் வைக்கவில்லை, நம் கையைக் கட்டிப்போட்டதில் வைத்தது. பின்னணிகளெல்லாம் முன்பே வரைந்து வைத்த படங்கள் என்பதால் கேமரா சுவர் மூலையில் அசையாமல் நிற்கும். திருப்பத்துக்கு அப்பால் முனகல் கேட்கும், உருவம் தெரியாது. நடந்துகொண்டே சுட முடியாது. தோட்டாக்களோ கொஞ்சம். ஆட்டத்தைச் சேமிக்கக்கூட டைப்ரைட்டர் ரிப்பன் தேடி எடுக்க வேண்டும்.

ஆனால் எந்த பயமும் பழகிவிடும். ஜாம்பி விழுந்தால் அந்த இடம் பத்திரம் என்று ஆடுபவர்கள் கற்றுக்கொண்டார்கள். 2002-இல் மிகாமி அதே விளையாட்டைப் புதுப்பித்தபோது அந்த நம்பிக்கையில்தான் கைவைத்தார். வீழ்த்திய ஜாம்பியின் தலை சிதறியிருக்க வேண்டும். இல்லையென்றால் மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்க வேண்டும். அப்படியே விட்டுவிட்டால் சிறிது நேரம் கழித்துச் சிவந்த தலையும் கூரிய நகங்களுமாக எழுந்து, பாய்ந்தோடி வரும். மண்ணெண்ணெயும் அளவோடுதான் கிடைக்கும். எந்தப் பிணத்தை எரிப்பது, எதை விடுவது? சுட்ட பிறகு தொடங்கும் இந்தக் கவலைதான் ஜாம்பி விளையாட்டுகளில் வந்த ஆகச் சிறந்த யோசனை என்பேன்.

2005-இல் ‘ரெசிடென்ட் ஈவில் 4’ கேமராவை நாயகனின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தது. முன்னால் இருப்பது நன்றாகத் தெரிகிறது, குறிவைப்பதும் எளிது. அந்த வசதிக்கு ஈடாக எதிரி புத்திசாலியாக வேண்டியிருந்தது. ஒட்டுண்ணி பிடித்த கிராமத்தார் ஸ்பானிய மொழியில் கூவுகிறார்கள், கோடாரி வீசுகிறார்கள், ஏணி சாத்தி மாடி ஜன்னல் வழியே உள்ளே வருகிறார்கள்.

வால்வ் நிறுவனத்தின் ‘லெஃப்ட் 4 டெட்’ (2008) கூட்டத்தையே ஆயுதமாக்கியது. ஆடுபவர்கள் எவ்வளவு திணறுகிறார்கள் என்று கணினியே கணித்து, அடுத்த கூட்டத்தை எப்போது ஏவலாம் என்று முடிவு செய்யும்.

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ (2013) இயற்கையிடமிருந்து கடன் வாங்கியது. மழைக்காடுகளில் ஒருவகைப் பூஞ்சை எறும்பின் உடலுக்குள் வளர்ந்து அதை ஆட்டிவைக்கிறது. எறும்பு செடியில் ஏறி இலையைக் கவ்விக்கொண்டே சாகும். பிறகு அதன் தலையைத் துளைத்துப் பூஞ்சைக் காம்பு வெளியே வரும். அந்தப் பூஞ்சை மனிதனைப் பிடித்தால் என்னவாகும் என்பதே இந்த விளையாட்டு. இதில் வரும் ‘கிளிக்கர்’களின் முகத்தைப் பூஞ்சை மூடிவிட்டதால் கண் தெரியாது. வௌவாலைப் போல ஒலி எழுப்பியே இரையைத் தேடும். துப்பாக்கி இருந்தும் சுடத் தயங்குவோம், சத்தம் மற்றவற்றையும் வரவழைத்துவிடும்.

2019-இல் புதுப்பிக்கப்பட்டு வந்த ‘ரெசிடென்ட் ஈவில் 2’ மெதுவான ஜாம்பியிடமே திரும்பியது. தலையில் எத்தனை குண்டு பாய்ந்தால் அது சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. காலைச் சுட்டு முறித்தால் தவழ்ந்து வரும். பழைய விளையாட்டில் கதவைத் தாண்டினால் தப்பித்தோம். இதிலோ கதவைத் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்கும் பின்னாலேயே வருகிறது.