ஹாலில் ஒரு ஹெலிகாப்டர்!

தீபாவளிக்கு வந்த என் மைத்துனர் கையோடு ஒரு பெட்டியும் கொண்டுவந்தார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரிமோட் ஹெலிகாப்டர். "பிள்ளைக்குத்தான் வாங்கினேன்" என்றார். ஆனால் அது பிள்ளை கைக்குப் போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று! அதற்குள் ஜன்னல் திரையில் இரண்டு தரம், டியூப் லைட்டில் ஒரு தரம், கடைசியாக அம்மா சுட்டு ஆறவைத்திருந்த முறுக்குத் தட்டிலும் ஒரு தரம் அது இறங்கிவிட்டது. "அண்ணா, முதல்ல ஃபேனை நிறுத்து!" என்று என் மனைவி போட்ட சத்தம் மாடி வீடு வரை கேட்டிருக்கும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று வந்து இறங்கியிருக்கலாம். இல்லாவிட்டால் அடுத்த பிறந்தநாளுக்கு வரலாம். "சின்ன பொம்மைதானே, இதுல என்ன ஆபத்து?" என்கிறீர்களா? பறக்கும்போது பெரிதாக இல்லை. அப்போது எல்லோருக்கும் கண் அதன் மேலேயே இருக்கும். இறங்கிய பிறகுதான் கொஞ்சம் கவனம் வேண்டும்.

முதலில் அது எப்படிப் பறக்கிறது என்று பார்ப்போம். தலையில் மேலும் கீழுமாக இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கின்றன. ஒன்று வலப்பக்கம் சுற்றினால் மற்றது இடப்பக்கம் சுற்றும். ஒரே ஜோடி மட்டும் இருந்தால் இறக்கை ஒரு பக்கம் சுற்ற, உடம்பு எதிர்ப்பக்கம் பம்பரமாகச் சுழல ஆரம்பித்துவிடும். இரண்டும் எதிரெதிராகச் சுற்றுவதால் இழுப்பு சரியாகிவிடுகிறது. ஒன்றின் வேகத்தைக் கூட்டி மற்றதைக் குறைத்தால் மூக்கு திரும்பும். முன்னே, பின்னே போவதற்கு வாலில் ஒரு குட்டி விசிறி. மொத்த எடை பெரும்பாலும் ஒரு கோழி முட்டையைவிடக் குறைவு. அதனால்தான் ஃபேன் காற்று அதைத் தூக்கியடிக்கிறது.

எடை குறைவுதான், ஆனால் வேகத்தைப் பாருங்கள். இறக்கை முனைக்கு முனை 18 செ.மீ., நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அதன் நுனி மணிக்குச் சுமார் 68 கி.மீ. வேகத்தில் போகிறது! கன்னத்தில் பட்டால் சுளீர் என்று ஒரு கோடு விழும், ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். கண்ணில் பட்டால் அப்படி இல்லை.

இங்கே பெரியவர்கள் கணக்கில் கோட்டை விடுகிற ஒரு விஷயம் உண்டு. தரையை ஒட்டிப் பறந்தால் தன் காற்றே தன்னைத் தள்ளி அது தள்ளாடும். ஆகவே பழகுகிறவர்கள் சட்டென்று இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நிறுத்துவது வழக்கம். நமக்கு அது வசதியான உயரம். ஆனால் மூன்று வயதுக் குழந்தையின் கண் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கிறது! ஹாலில் அது சுற்றும் நேரம் சின்னக் குழந்தை யார் மடியிலாவது, ஓட்டுகிறவருக்குப் பின்னால் இருக்கட்டும். நின்று வேடிக்கை பார்க்கிற பெரிய பிள்ளைகளுக்குக் கண்ணாடி மாட்டிவிடலாம். சாதாரணக் கண்ணாடி உடையும், பாலிகார்பனேட் கண்ணாடியே நல்லது.

இறங்கிய பிறகு என்றேனே, அதற்கு வருகிறேன். ஹெலிகாப்டர் சோபாவுக்கு அடியில் போய் விழுகிறது. லீவரைக் கீழே விடாமலேயே அப்பா எட்டிப் பார்க்கிறார். அவருக்கு முன்னால் பிள்ளை ஓடிப்போய்க் குப்புறப் படுத்து முகத்தை உள்ளே நீட்டுகிறான். மாட்டிக்கொண்டிருந்த இறக்கை விடுபட்டு விர்ரென்று சுற்றுகிறது. இப்போது முகத்துக்கும் இறக்கைக்கும் நடுவே அரை முழம்கூட இல்லை. எதில் மோதினாலும் முதல் வேலை லீவரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. அடுத்து, ஹெலிகாப்டரில் இருக்கும் சுவிட்சை அணைப்பது. அதை எடுக்கப் போகிறவர் பெரியவராக இருக்கட்டும். இப்படிச் செய்தால் மோட்டாரும் பிழைக்கும். சிக்கிக்கொண்ட இறக்கையைச் சுற்றப் பார்த்து மோட்டார் சூடாகிக் கருகுவதுதான் இந்தப் பொம்மைகளுக்கு அடிக்கடி வரும் வியாதி.

தவறிக் கண்ணில் பட்டுவிட்டால்? தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது. குத்தி நிற்கும் எதையும் பிடுங்கவே கூடாது. காகிதக் கப் ஒன்றைக் கண்ணில் அழுந்தாதபடி மேலே மூடிப் பிடித்துக்கொண்டு கண் டாக்டரிடம் போங்கள். "ரெண்டு சொட்டு தாய்ப்பால் விடு, விளக்கெண்ணெய் விடு" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். கருவிழியில் லேசான கீறல் என்றால் பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனால் அடிபட்ட வேகத்தில் கருவிழிக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தேங்கலாம், பிறகு கண்ணின் அழுத்தம் ஏறலாம். வலி போய்விட்டதே என்று இருந்துவிடாதீர்கள்.

அடுத்து பாட்டரி. உள்ளே இருப்பது 3.7 வோல்ட் லித்தியம் பாட்டரி. பறப்பது ஐந்தாறு நிமிடம், சார்ஜ் ஏற அரை மணி முதல் முக்கால் மணி. பிள்ளைகளுக்குப் பொறுமை ஏது? "அப்பா, சீக்கிரம் போடுப்பா!" என்று பிடுங்குவார்கள். இறங்கிய உடனே பாட்டரி சூடாக இருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு அப்புறம் போடுங்கள். மெத்தை, சோபா, திரைச்சீலை பக்கம் வேண்டாம். டைல்ஸ் தரையில் வைத்து, ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகிற வேலையே கூடாது. பாட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். தீப்பிடிக்கும். பழைய மின்சாதனங்களைச் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

சில குட்டி மாடல்களின் ரிமோட்டில் பட்டன் பாட்டரி போட்டிருக்கும். என்னைக் கேட்டால் இறக்கையைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால், இரண்டே மணி நேரத்தில் அந்த இடம் வெந்துவிடும். எச்சில் ஒழுகுவது, இருமல், சாப்பாடு வேண்டாம் என்று அழுவது போன்ற அறிகுறிகள் தெரியலாம். எதுவுமே தெரியாமலும் போகலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எக்ஸ்ரே, எண்டோஸ்கோப்பி வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்புங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்க முடிகிற குழந்தை என்றால் வழியிலேயே பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். அது புண்ணின் ஆழத்தைக் குறைக்கும். தேன் தேடுகிறேன் என்று கிளம்புவதைத் தாமதம் செய்ய வேண்டாம்.

கடையிலேயே பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, பாட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறதா என்பது. இன்னொன்று, பெட்டியில் உள்ள வயது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெட்டியில் '14+' என்று போட்டிருந்தால் ஏழு வயதுப் பிள்ளை கையில் தனியாகக் கொடுக்காதீர்கள்.

ஓட்டப் பழகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வால் எப்போதும் உங்களைப் பார்த்தே இருக்கட்டும். மூக்கு உங்கள் பக்கம் திரும்பினால் இடம் வலமாகிவிடும், கை குழம்பும். அகச்சிவப்பு ரிமோட் என்றால் வெயில் விழும் ஜன்னலோரம் போகாதீர்கள், சிக்னல் கிடைக்காமல் பொத்தென்று விழும். விளக்கேற்றி வைத்திருக்கும் பூஜை அறைப் பக்கமும் வேண்டாம்.

எங்கள் வீட்டு ஹெலிகாப்டர் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஊருக்குக் கிளம்பும்போது மைத்துனர் அதைப் பெட்டியோடு எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். "வால் விசிறி சரியா சுத்தல, ரிப்பேர் பண்ணி அனுப்பறேன்" என்றார். பொங்கலும் வந்து போய்விட்டது, இன்னும் வரவில்லை.