இலக்கிய வகுப்பில் சாம்பு

இலக்கிய வகுப்பில் படக்கதைக்கும் தொலைக்காட்சிக்கும் இடம் தரலாமா என்னும் கேள்வி, ஆசிரியர் கூடும் இடங்களில் எழுவதுண்டு. தரலாகாது என்போர், மாணவர் நூலைப் படியாமலே தப்பித்துக்கொள்வர் என அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பொருளற்றதன்று. தோட்டப் பள்ளித் தலைமையாசிரியனாகிய என்னை, ஆசிரியர் பயிற்சி பெறுவோர்க்குச் சில இலக்கிய வகுப்புகள் நடத்துமாறு அழைத்திருந்தனர். முதல் நாளே ஒரு மாணவி, "மூன்றிலும் ஒரே கதைதானே, ஐயா? ஒன்றைப் பார்த்தால் போதாதா?" என்று கேட்டுவிட்டார். அதற்கு விடை காண்பதிலேயே அவ்வகுப்புகள் கழிந்தன.

நான் எடுத்துக்கொண்ட நூல், தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு'. 1940களில் ஆனந்த விகடனில் வெளிவந்த கதைகள் அவை. தனித்தனிக் கதைகளே எனினும், சாம்புவின் வாழ்க்கை அவற்றினூடே வளர்ந்து செல்வதால் நாவல்போல் வைத்துப் படிக்கத் தடையில்லை. (இலக்கணப்படி அது நாவலாகாது என்று வாதிட வரும் அன்பரோடு நான் மல்லுக்கு நிற்கப் போவதில்லை.) தேவன் 1957இல் மறைந்தார். அதன்பின் ஓவியர் கோபுலு அக்கதைகளை விகடனில் சித்திரத் தொடராக வரைந்தார். பிற்காலத்தில் தொலைக்காட்சித் தொடரில் காத்தாடி இராமமூர்த்தி சாம்புவாக நடித்தார். ஒரே மாந்தர் எழுத்திலும் கோட்டிலும் திரையிலும் வாழ்ந்திருக்கிறார். ஒப்பிட்டுக் கற்பிப்பதற்கு இதைவிட வாய்ப்பான நூல் எளிதிற் கிட்டாது.

சாம்பு, வேலை போன வங்கிக் குமாஸ்தா. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு விழிப்பார். அந்த உளறலில் நுண்ணறிவைக் கண்டு வியப்பவர் இன்ஸ்பெக்டர் கோபாலன். எப்படியோ குற்றவாளி அகப்படுவான். புகழ் சாம்புவைச் சேரும்.

இதில் நமக்கு ஏன் சிரிப்பு வருகிறது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பின்னிரண்டும் ஒன்றுபோல் தோன்றும். உரையாசிரியர் பேராசிரியரோ அவற்றை வேறுபடுத்துகிறார். பேதைமையாவது அறிவின்மை. மடனாவது பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாது நிற்றல். இதை வகுப்பில் விளக்கியதும் ஒருவர் எழுந்து, "அப்படியானால் பேதைமை சாம்புவுடையது, மடன் கோபாலனுடையது" என்றார். நான் அதுவரை அவ்வாறு எண்ணிப் பார்த்ததில்லை. சாம்புவைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் அவரை மேதையென நம்பும் ஊராரைப் பார்த்தல்லவா சிரிக்கிறோம்!

இனி, இந்த இரு நகையும் மூன்று வடிவிலும் எவ்வாறு பிறக்கின்றன என்று பார்த்தோம். எழுத்தில் ஆசிரியர் சாம்புவின் மனத்துக்குள் நம்மை அழைத்துச் சென்று, அங்கே ஒன்றுமில்லை என்று காட்டிவிட முடியும். ஓவியர்க்கு அவ்வழி அடைபட்டிருக்கிறது. அவர் முகத்தைத்தான் வரைய முடியும். பேதைமையை விழியிலும் மூக்கிலும் ஒரு நொடியில் காட்டிவிடுவார். ஆயினும் ஒரு கட்டத்தில் உளறல், அடுத்த கட்டத்தில் கோபாலனின் வியப்பு என்று இருந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் நடந்த மடனை நிரப்புபவர் படிப்பவரே. படக்கதை படிப்போர் மூளைக்கு வேலையில்லை என்பார் இதனைக் கவனித்ததில்லை போலும்.

தமிழுக்கே உரிய ஒன்றும் உண்டு. மேலே நான் "விழிப்பார்" என்று எழுதினேன். "விழிப்பான்" என்று எழுதியிருந்தால் எள்ளல் ஒரு பங்கு ஏறியிருக்கும். தமிழில் கதை சொல்பவர் ஒவ்வொரு வினைமுற்றிலும் தம் மாந்தரை மதிக்கவோ இறக்கவோ வேண்டியிருக்கிறது. கோட்டோவியத்தில் வினைமுற்று இல்லை.

தொலைக்காட்சியில் காலம் நம் கையில் இல்லை. நூலில் ஒரு வரியில் நின்று சிரிக்கலாம். படத்தில் முன் கட்டத்துக்குத் திரும்பலாம். ஒளிபரப்பில், சொல்லுக்கும் விழிப்புக்கும் இடையே எத்தனை நொடி என்பதை நடிகரும் இயக்குநரும் தீர்மானித்துவிடுகின்றனர். அத்தொடர் கைவசம் இல்லாமையால், மாணவர் இருவரை ஓர் உரையாடலை நடிக்கச் செய்து கைப்பேசியில் பதிந்தோம். முதன்முறை யாரும் சிரிக்கவில்லை. கோபாலனாக நடித்தவர் பதில் சொல்லுமுன் சற்றே தயங்கியதும் வகுப்பு சிரித்தது. உரையாடலில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

கடைசிப் பயிற்சியாக, நூலில் ஒரு பக்கத்தை ஆறு கட்டங்களாக வரையச் சொன்னேன். வரைய வராது என்றோரைக் குச்சி மனிதரை வரையுமாறு சொன்னேன். நூலைப் படியாமல் தப்பிவிடுவர் என்னும் அச்சம் அன்றுதான் எனக்கு நீங்கியது. அந்த ஒரு பக்கத்தை ஏழெட்டு முறையேனும் படிக்காதவர் எவருமில்லை. "வழக்கம்போல" என்னும் சொல்லை எப்படி வரைவது என்று ஒரு குழு அரைமணி நேரம் சண்டையிட்டது. 'அவர் எதையும் நினைக்கவில்லை' என்ற பொருள்படும் இடத்தில் பலர் சாம்புவின் தலைக்குமேல் கேள்விக்குறி போட்டனர். "கேள்விக்குறி என்றால் ஏதோ நினைக்கிறார் என்றாகிவிடுமே" என்று மற்றவர் மறுத்தனர்.

முதல் நாள் கேள்வி கேட்ட மாணவி தம் தாளைக் கடைசியாகக் கொடுத்தார். ஐந்து கட்டங்களில் படம் இருந்தது. நான்காவது கட்டத்தில் ஒன்றும் வரையவில்லை. மறந்துவிட்டாரோ என்று கேட்டேன். "இல்லை ஐயா, அதுதான் சாம்புவின் மனம்" என்றார்.