ஆள் வைத்தால் மட்டும் போதுமா?

என் மாமியாருக்கு வயது 74. முண்டகக்கண்ணி அம்மன் கோவிலுக்கு நடந்தே போய், வரும்போது உதிரி மல்லிகை வாங்கி வந்து, அரை மணியில் கட்டி முடித்து அக்கம் பக்கத்துக்கும் கொடுப்பார். போன வருடம் ஆடியில் ஒரு நாள் காலை, கையிலிருந்த காபி டம்ளர் நழுவியது. பக்கவாதம். இடது கையும் காலும் வராமல் போய் விட்டன.

பதினைந்து நாள் ஆஸ்பத்திரி. பிறகு வீடு. கஷ்டமே அங்கேதான் ஆரம்பித்தது. நானோ பத்தாவது படித்தவள். இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம், கணவர் ஏழரைக்கே கிளம்ப வேண்டும். ஓர் ஏஜென்சி மூலம் பகலுக்கு ஆள் வைத்தோம். "பயிற்சி பெற்ற நர்ஸ்" என்றார்கள். வந்த பெண்ணுக்கு இருபது வயதிருந்தால் அதிகம். ஊரிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். எதையும் சொல்லிக் கொடுக்காமல் அனுப்பி விட்டு கமிஷன் வாங்குகிறார்களே, அவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாரம் புடவை மாற்றும்போது பார்க்கிறேன், இடுப்புக்குக் கீழே ரூபாய் அகலத்துக்குப் புண். எனக்கு அழுகையே வந்து விட்டது. தி.நகரிலிருந்து வந்த நாத்தனார், "ஹோம்ல சேர்த்திருந்தாக்கூட இப்படி ஆகியிருக்காது அண்ணி" என்று சொல்லி விட்டுப் போனாள். அன்று ராத்திரி அத்தை என் கையைப் பிடித்துக் கொண்டு, "அம்மாடி, என்னை எங்கயாவது கொண்டு விட்டுடு. நீ படற பாட்டைப் பார்க்க முடியலை" என்றார். எனக்குத் தூக்கமே வரவில்லை.

எதிர் வீட்டு அக்காதான் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிச் சொன்னார். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ஆரம்பித்த திட்டம். சர்க்கரை மாத்திரை கொடுப்பவர்கள் என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். பக்கத்திலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சொன்னேன். பிரஷர் பார்த்து மாத்திரை தர ஒரு பெண், படுத்த படுக்கையானவர்களைப் பார்க்க ஒரு நர்ஸ், பயிற்சி தர பிசியோதெரபிஸ்ட் என்று வீட்டுக்கே வந்தார்கள். காசு கிடையாது.

நர்ஸ் அம்மா என் கையாலேயே செய்ய வைத்துக் கற்றுக் கொடுத்தார். இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை. சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாதாம். நானோ தேங்காய் எண்ணெய் வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்துக் கொண்டிருந்தேன்! தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் இறங்கி விடும். சாப்பாட்டை நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. புண் ஆற இரண்டரை மாதம் ஆயிற்று.

நீங்கள் ஆள் வைப்பதாக இருந்தால், "எப்படித் திருப்பிப் படுக்க வைப்பே, செய்து காட்டும்மா" என்று முதல் நாளே கேளுங்கள். தெரியாவிட்டால் நீங்களே சொல்லிக் கொடுக்கலாம். எங்கள் வீட்டுப் பெண் ஒரே வாரத்தில் கற்றுக் கொண்டாள். இப்போதும் அவள்தான் இருக்கிறாள்.

முதியோருக்கென்றே 14567 என்ற இலவச எண் இருக்கிறது. காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். பென்ஷன், சட்ட விஷயம், முதியோர் இல்லம் எல்லாவற்றுக்கும் வழி சொல்கிறார்கள். கிண்டி கிங் வளாகத்தில் 200 படுக்கைகளோடு முதியோருக்கான அரசு ஆஸ்பத்திரியும் 2024 பிப்ரவரியில் திறந்திருக்கிறார்கள்.

நாத்தனாரிடம் நானே வாய் விட்டுக் கேட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க அவள் பொறுப்பு. மூன்று மணி நேரம் எனக்கு விடுதலை!

பிசியோதெரபிஸ்ட் தம்பி, "பாட்டி முன்னாடி என்ன வேலை செய்வாங்க?" என்று கேட்டார். பூ கட்டுவார் என்றேன். மறுநாளே வாழைநாரும் பூவும் வாங்கி வைக்கச் சொன்னார். வலது கால் கட்டை விரலில் நாரை மாட்டிக் கொண்டு, இடது கை விரல் பிடிக்கப் பிடிக்க நழுவ, போன வெள்ளிக்கிழமை ஒரு முழம் கட்டினார் அத்தை. முடிச்சு இறுகாமல் பாதிப் பூ உதிர்ந்து விட்டது. மீதியை என்னைக் குனியச் சொல்லி அவரே வைத்து விட்டார்.

- ஒரு வாசகி, மயிலாப்பூர், சென்னை-4