புது பைக் மக்கர் பண்ணுதா? கொளுத்தாதீங்க... எழுதி வாங்குங்க!

பழவேற்காடு,

விடிவதற்கு முன்பே பழவேற்காடு மீன் மார்க்கெட் பக்கம் போய் பார்த்தால் தெரியும். கேரியரில் ஐஸ் பெட்டி, பெட்ரோல் டேங்க் மேல் ஒரு கூடை, கைப்பிடியில் ஒரு பை என்று பைக்குகள் வரிசை கட்டி நிற்கும். கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் என்று எந்த ஊர் வலையில் விழுந்த மீனாக இருந்தாலும் பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் போய் சேர்ந்தால்தான் அது காசு. ஐஸ் கரைவதற்குள் போயாக வேண்டும்.

இப்படி ஓட்டுவதற்காக கடன் வாங்கி எடுத்த புது பைக், 2-வது மாதமே நடுரோட்டில் நின்றால் என்ன ஆகும்? மீனும் போச்சு, அன்றைய கூலியும் போச்சு. ஷோரூமுக்கு தள்ளிக்கொண்டு போனால், "ஓவர் லோடு ஏத்தியிருப்பீங்க அண்ணே, உப்புத்தண்ணி பட்டிருக்கும்" என்று பதில் வரும். சரி செய்து கொடுப்பார்கள். 10 நாளில் மறுபடியும் நிற்கும்.

கோபம் வரத்தான் செய்யும். 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆம்பூர் அருகே ஒருவர், வழியில் நின்றுபோன தனது எலக்ட்ரிக் ஸ்கூட்டர் மீது பெட்ரோல் ஊற்றி தீ வைத்தார். அந்த வீடியோ நாடு முழுவதும் பரவியது. கர்நாடக மாநிலம் கலபுரகியில் 2024-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஒரு வாலிபர் இன்னும் ஒரு படி மேலே போனார். வாங்கி சில வாரம் கூட ஆகாத ஸ்கூட்டர் தொல்லை கொடுத்ததால் ஷோரூமுக்கே தீ வைத்து கைதானார்.

வண்டியை எரித்தால் வழக்கும் சேர்ந்து எரிந்து போகும். என்ன கோளாறு என்று காட்ட வண்டி வேண்டாமா? பழுதான புது பைக்கை திருப்பிக்கொடுத்து பணத்தை வாங்க சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அது சத்தம் போடுபவருக்கு திறக்கும் வழி அல்ல. காகிதம் வைத்திருப்பவருக்கு திறக்கும் வழி.

ஷோரூம்காரர் ஏன் திருப்பி எடுப்பதில்லை?

ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் சட்டப்படி அது உங்கள் வண்டி. அதை திருப்பி வாங்கினால் டீலருக்கு அது பழைய வண்டிதான். அதனால்தான் 'ரிப்பேர் செய்து தருகிறோம்' என்பதோடு நின்றுகொள்கிறார்கள். எனவே பதிவு செய்வதற்கு முன்பு, பகல் வெளிச்சத்தில், வண்டியை ஸ்டார்ட் செய்து பாருங்கள். கீறல், துரு, ஆயில் கசிவு எல்லாம் அப்போதே சொன்னால் வேறு வண்டி கேட்பது சுலபம். விற்பனை சான்றிதழான பாரம் 21-ல் எந்த மாதம், எந்த ஆண்டு தயாரித்த வண்டி என்று இருக்கும். அதை கண்டிப்பாக பாருங்கள். கோவாவில் 2009-ம் ஆண்டு தயாரித்த காரை 2011-ம் ஆண்டு மாடல் என்று டீலர் விற்ற வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2021-ம் ஆண்டு வந்த தீர்ப்பில், டீலர் செய்த அந்த தவறுக்கு கம்பெனி பொறுப்பாகாது என்று கோர்ட்டு கூறிவிட்டது. யார் மீது புகார் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும் என்பதற்காக இதை சொல்கிறோம். தயாரிப்பு கோளாறு என்றால் டீலர், கம்பெனி இருவரையும் சேர்த்துத்தான் எதிர்மனுதாரர் ஆக்க வேண்டும்.

ஜாப் கார்டு எங்கே?

ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும் ஜாப் கார்டு போடச்சொல்லி நகல் வாங்குங்கள். வழக்கில் முதுகெலும்பே இதுதான். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 'ஓடும்போது எஞ்சின் நிற்கிறது, 3-வது முறை' என்று உங்கள் புகாரை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். கிலோ மீட்டர், தேதி இரண்டும் இருக்க வேண்டும்.

இதை எழுதும் நிருபரும் ஒரு காலத்தில் ஏமாந்தவர்தான். "சின்ன வேலைண்ணா, இதுக்கு எதுக்கு கார்டு, டீ குடிச்சுட்டு வாங்க" என்ற பேச்சில் மயங்கி 3 தடவை சும்மாவே வண்டியை எடுத்து வந்தாச்சு. 4-வது தடவை சண்டை போட்டபோது, அந்த ஷோரூம் கம்ப்யூட்டரில் 'முதல் வருகை' என்று காட்டியது. பேச வாய் வரவில்லை.

இலவச சர்வீசையும் தவற விடக்கூடாது. கடலில் நல்ல பாடு கிடைக்கும் நாளில் சர்வீசுக்கு யார் போவார்கள் என்பது நமக்கும் தெரியும். ஆனால் ஒரு சர்வீஸ் தவறினாலும் வாரண்டி இல்லை என்று கைவிரிக்க அது ஒரு சாக்கு. உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு துரு பிடிப்பது பெரும்பாலும் வாரண்டியில் வராது. சைலன்சர் துருவையும் எஞ்சின் கோளாறையும் ஒரே புகாரில் கலந்து எழுதினால் 'உப்புத்தண்ணி' பதிலுக்கு நாமே வழி விட்ட மாதிரி ஆகிவிடும்.

"நீங்க வியாபாரி" என்பார்கள்

இது மீன் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விஷயம். 'இவர் பைக்கில் மீன் விற்கிறார், வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி, இவர் நுகர்வோரே அல்ல' என்று எதிர்தரப்பு வக்கீல் வாதாடலாம். பயப்பட வேண்டாம். தன் பிழைப்புக்காக, சுயதொழிலுக்கு மட்டும் வாங்கி பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்தில் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு சட்டமே சொல்கிறது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு எந்திர வழக்கில் 1995-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு இதை விளக்கியது. பிழைப்புக்காக ஆட்டோ வாங்கி தானே ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான் என்று அந்த தீர்ப்பில் உதாரணம் இருக்கிறது. ஆட்டோவுக்கு பொருந்துவது ஐஸ் பெட்டி கட்டிய பைக்குக்கும் பொருந்தும். ஆனால் 4 பைக் வாங்கி ஆள் போட்டு ஓட்டினால் கதை வேறு.

முழு பணமும் கிடைக்குமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கேட்டதும் முழு வண்டியை மாற்றிக் கொடுத்துவிட மாட்டார்கள். மாருதி கார் ஒன்றின் கிளட்ச் கோளாறு வழக்கில் 2006-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு, வாரண்டியில் பழுதான பாகத்தை மாற்றித் தருவோம் என்றுதான் இருக்கிறது, அதற்காக முழு காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று கூறியது. வாங்கியவருக்கு கிடைத்தது பாகமும் 50 ஆயிரம் ரூபாயும்தான்.

2010-ம் ஆண்டு பியட் கார் வழக்கில் நிலைமை மாறியது. காரை தனி தொழில்நுட்ப நிபுணர் பரிசோதிக்கட்டும், தயாரிப்பிலேயே குறை என்று அவர் சொன்னால் காரின் விலை, கட்டிய ஆயுட்கால வரி எல்லாவற்றையும் 12 சதவீத வட்டியுடன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அதே சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் அந்த நிபுணர்தான். ஒரு பாகம் மாற்றினால் சரியாகிவிடும் கோளாறா, பிறவிக் கோளாறா என்று அவர் சொல்ல வேண்டும். நம்ம ஊர் மெக்கானிக் எவ்வளவு கில்லாடியாக இருந்தாலும் அவர் வாய் வார்த்தை போதாது. அதைவிட முக்கியம், வாரண்டி இருக்கும்போது வெளி மெக்கானிக் எஞ்சினை பிரித்துவிட்டால், 'பிரித்தவர்தான் கெடுத்தார்' என்று முடித்துவிடுவார்கள். பரிசோதனைக்கு அனுப்புமாறு ஆணையத்திடமே மனு கொடுக்கலாம். அதற்கான கட்டணத்தை புகார்தாரர் கட்ட வேண்டியிருக்கும்.

நிரூபிக்கும் பாரம் வாங்கியவர் தலையில் இருப்பது கொஞ்சம் அநியாயம்தான். சிங்கப்பூரில் 2012-ம் ஆண்டு செப்டம்பர் முதல் 'எலுமிச்சை சட்டம்' என்று ஒன்று இருக்கிறது. ஓயாமல் பழுதாகும் வண்டிக்கு ஆங்கிலேயர் பாஷையில் எலுமிச்சை என்று பெயராம். வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியும் கோளாறு, விற்கும்போதே இருந்தது என்றுதான் அங்கு எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் வேலை. நம் நாட்டில் அப்படி தனிச்சட்டம் இல்லை.

எங்கே போவது?

முதலில் டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரு கடிதம். எத்தனை முறை பழுதானது, தேதி, என்ன கேட்கிறீர்கள் என்று நாலு வரி போதும். பதிவுத் தபால் 2025-ம் ஆண்டு ஸ்பீடு போஸ்டுடன் சேர்ந்துவிட்டதால், இப்போது ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை பத்திரமாக வைக்க வேண்டும். பதில் இல்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். சில பிரச்சினைகள் இந்த போன் காலிலேயே முடிந்துவிடும். ஆனால் இவர்கள் உத்தரவு போட முடியாது, பேசித்தான் பார்ப்பார்கள்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஷோரூம் சென்னையில் இருந்தாலும் நீங்கள் சென்னைக்கு அலைய வேண்டாம். 2020-ம் ஆண்டு ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். பழவேற்காட்டுக்காரர்களுக்கு அது திருவள்ளூர். விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம். இணையதளம் மூலமும் மனு போடலாம். பிரச்சினை ஏற்பட்டதில் இருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

பரிசோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தால் பழுதை நீக்கவோ, வேறு வண்டி தரவோ, வட்டியுடன் பணம் தரவோ உத்தரவிடலாம். நஷ்டஈடும் உண்டு. எதிர்தரப்பு அப்பீல் போவதாக இருந்தால் தீர்ப்புத் தொகையில் பாதியை கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

வழக்கு நடக்கிறதே என்று மாதத்தவணையை மட்டும் நிறுத்திவிடக் கூடாது. வண்டி விற்றவர் வேறு, கடன் கொடுத்தவர் வேறு. தவணை நின்றால் பைனான்ஸ்காரர் வண்டியை தூக்கிப்போவார். அப்புறம் நிபுணரிடம் காட்ட வண்டி இருக்காது. அசல் ஜாப் கார்டையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் கொடுத்தால் போதும்.